பழைய வால்வ் ஹாம் செட்டுக்கு மைக் வாங்கறதுல நடக்குற தப்புங்க

ஹாம் ரேடியோக்காரங்க (பொழுதுபோக்கா வானொலியில பேசுறவங்க) வச்சிருக்குற வால்வ் செட், கொலின்ஸ் கேடபிள்யூஎம்-2, டிரேக் டிஆர்-4, ஹீத்கிட் எச்டபிள்யூ-101, இல்ல ஜான்சன் ரேஞ்சர் மாதிரி பழைய ஏஎம் ட்ரான்ஸ்மிட்டர், எதுவா இருந்தாலும் சரி, செகண்ட் ஹேண்ட்ல வர்றப்போ கூடவே மைக்கும் வர்றது அபூர்வம். பவர் சப்ளையை ரெடி பண்ணி, பழைய கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தி, ட்யூன் பண்ணி, டம்மி லோட்ல (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டுற ரெசிஸ்டர்) பவர் வருதுன்னு சந்தோஷப்பட்ட அப்புறம்தான் மைக் ஞாபகமே வரும். அப்போ ஒண்ணு வீட்ல கிடக்குற ஏதோ ஒரு மைக்கைச் சொருகிப் பாப்பாங்க, இல்லன்னா ஆன்லைன்ல பளபளன்னு இருக்குற ஒரு பழைய மைக்கை ஏலத்துல எடுப்பாங்க. ரெண்டுலயுமே கண்ணு மைக் மேலதான் இருக்கு, செட்டோட மைக் ஜாக்குக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் எட்டிப் பாக்குறதில்ல. இந்தப் பழைய செட் மேனுவல் எல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல சும்மாவே கிடைக்குது. சர்க்யூட் டயக்ராமை எடுத்து, ஜாக்ல இருந்து முதல் வால்வோட கிரிட் (சிக்னல் உள்ள போற முனை) வரைக்கும் என்னென்ன இருக்குன்னு ஒரு பத்து நிமிஷம் பாருங்க. எந்த மைக் வேணும்னு பாதி அங்கயே முடிவாகிடும்.

அங்க என்ன இருக்கும்? பெரும்பாலும் கிரிட்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், 1 மெகா ஓம், 2.2 மெகா ஓம், சிலதுல அதுக்கும் மேல. வால்வ் கிரிட்டுக்கு கரண்ட் தேவையே இல்ல, வோல்ட்டேஜ் மட்டும் கொடுத்தா போதும், அதனால மைக் பாக்குற லோடு கிட்டத்தட்ட அந்த ரெசிஸ்டர்தான். அந்தக் காலத்து கிரிஸ்டல் மைக்குக்கும் ஹை இம்பீடன்ஸ் (இம்பீடன்ஸ்னா ஆடியோ சிக்னலுக்கு இருக்குற எதிர்ப்பு) டைனமிக் மைக்குக்கும் (காந்தமும் காயிலும் வச்சது) இது அருமையா ஒத்துப்போகும். இப்போ கடையில கிடைக்குற மைக் எல்லாம் லோ இம்பீடன்ஸ், 150ல இருந்து 600 ஓம் வரைக்கும்.

இங்கதான் முதல் குழப்பம். "இம்பீடன்ஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் வேலை செய்யும், இல்லன்னா ஏதாவது போயிடும்"னு பயப்படுறாங்க. அப்படி எதுவும் போகாது. ஆன்டெனாவுக்கு 50 ஓம் மேட்சிங் பாத்துப் பாத்துப் பழகின பழக்கம் அது, ஆடியோவுல அந்தக் கணக்கு வேற. லோ இம்பீடன்ஸ் மைக்கை ஹை இம்பீடன்ஸ் ஜாக்ல சொருகினா டோன் கெடாது, லெவல் மட்டும்தான் பத்தாம போகும், கெயினை முழுசாத் திருப்பினா குரல் கொஞ்சம் வரும், கூடவே ஹம்மும் இரைச்சலும் வரும். ஆனா இதையே தலைகீழாப் பண்ணினா, அதாவது ஹை இம்பீடன்ஸ் மைக்கை லோ இம்பீடன்ஸ் ஜாக்ல போட்டா, லெவலும் போகும், கிரிஸ்டலா இருந்தா டோனும் மொத்தமாப் போகும்.

இதுக்கு நல்ல உதாரணம் அஸ்டாடிக் டி-104. லாலிபாப்னு செல்லமாக் கூப்பிடுவாங்களே, ஸ்டாண்டு மேல வட்டமா குரோம் தலையோட நிக்குமே, அதேதான். 1933ல வந்தது, 2001 வரைக்கும் தயாரிச்சாங்க, வால்வ் ரேடியோன்னாலே பாதிப் பேருக்கு மனசுல வர்றது இந்த மைக்தான். அது மேல அவ்வளவு மோகம். ஆனா அதுக்குள்ள இருக்குறது கிரிஸ்டல், எலக்ட்ரிக்கலா பாத்தா அது ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரிதான். ஒரு 1,500 பிக்கோஃபேரட்னு வச்சுக்குவோம். அதை 1 மெகா ஓம் லோட்ல போட்டா கட்-ஆஃப் சுமார் 106 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல குரல் முழுசா வரும், பேச்சுக்குத் தாராளம். அதையே 50 கிலோ ஓம் லோட்ல போட்டா கட்-ஆஃப் 2,100 ஹெர்ட்ஸுக்கு மேல ஏறிடும். அப்புறம் குரல்ல சதையே இருக்காது, வெறும் ச், ஸ் சத்தம்தான், தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்கும்.

சரி, 50 கிலோ ஓம் எங்க வருதுன்னா, யேசு கம்பெனியோட எஃப்டி-101 பழைய வரிசை, கென்வுட் டிஎஸ்-520 மாதிரி ஹைப்ரிட் செட்டுங்க. பவர் கொடுக்குற கடைசி ரெண்டு ஸ்டேஜான டிரைவரும் ஃபைனலும் மட்டும் வால்வ், மைக் ஆம்ப் எல்லாம் ட்ரான்சிஸ்டர் பக்கம். மேனுவல்ல "ஹை இம்பீடன்ஸ், 50 கிலோ ஓம்"னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு "டி-104ம் ஹை இம்பீடன்ஸ், செட்டும் ஹை இம்பீடன்ஸ், அப்புறம் என்ன"ன்னு வாங்கிடுறாங்க. ஹை அப்படிங்கறது ஒரே நம்பர் இல்லங்க. 50 கிலோவும் ஹைதான், 5 மெகாவும் ஹைதான், ரெண்டுக்கும் நடுவுல நூறு மடங்கு வித்தியாசம். அதே யேசுலயே பின்னாடி வந்த எஃப்டி-101 இசட்டி 500-600 ஓம் மைக் கேக்கும், பேர் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு நம்பி மைக்கை மாத்திச் சொருகாதீங்க.

டி-104 தான் வேணும், செட் 50 கிலோ ஓம்தான்னா, நடுவுல ஒரு எஃப்இடி சோர்ஸ் ஃபாலோயர் (ஒரு ட்ரான்சிஸ்டர் பஃபர்) போட்டுடுங்க. ஒரு ஜேஃபெட், கேட்ல 10 மெகா ஓம், சோர்ஸ்ல சில கிலோ ஓம், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான், மைக் ஸ்டாண்டோட அடிப்பாகத்துலயே இடம் இருக்கு. இது கெயின் கொடுக்காது, கிரிஸ்டலுக்கு வேண்டிய பெரிய லோடை மட்டும் காட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பிஎஃப்245 இல்லன்னா 2என்5457 ஜேஃபெட் கேட்டுப் பாருங்க, இல்லன்னா ஆன்லைன்.

கிரிஸ்டல் பத்திப் பேசறப்போ நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. அந்தப் பழைய எலிமென்ட் எல்லாம் ரோச்செல் சால்ட். பேர்லயே சால்ட் இருக்கு, உப்புதான். 55 டிகிரி செல்சியஸ் வாக்குல அது உள்ள இருக்குற தண்ணியிலயே கரைஞ்சு போயிடும், திரும்ப ஆற வச்சாலும் மைக்கா வராது. மே மாசம் வெயில்ல நிறுத்தின கார்ல டேஷ்போர்டு மேல வச்சுட்டுப் போனா அந்தச் சூடு சாதாரணமா வந்துடும். ஈரப்பதமும் எதிரி, 85 சதவீதத்துக்கு மேல போனா உப்பு கசிய ஆரம்பிக்கும், சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் பக்கம் எல்லாம் மழைக்காலத்துல இது தினப்படி விஷயம். மெழுகு பூசி, சீல் பண்ணித்தான் வச்சிருப்பாங்க, ஆனா அது அம்பது அறுவது வருஷத்துக்கு முன்னாடி பூசின மெழுகு. "அப்போ சிலிக்கா ஜெல் மூட்டையோட டப்பால அடைச்சு வச்சிடலாமே"ன்னு சிலர் பண்றாங்க, அதுவும் தப்புதான், ரொம்ப வறண்டு போனா அந்த உப்பு தன் தண்ணியை இழந்து பொடியா உதிரும். சாதாரண அறையில, வெயில் படாத அலமாரியில வச்சா போதும்.

அதனால ஏலத்துல டி-104 எடுக்கறப்போ குரோம் பளபளப்பைப் பாத்து விலை கொடுக்காதீங்க, எலிமென்ட் உயிரோட இருக்கான்னு கேளுங்க. விக்கிறவர் மல்டிமீட்டர் வச்சு "ஓப்பன் காட்டுது, போயிடுச்சு"ன்னு சொன்னா அதையும் நம்ப வேணாம், நல்ல கிரிஸ்டலும் மீட்டர்ல ஓப்பன்தான் காட்டும். பேசிக் காட்டி ஆசிலோஸ்கோப்லயோ ஆம்ப்ளிஃபயர்லயோ சத்தம் வர்றதைத்தான் பாக்கணும். இன்னொண்ணு, செத்துப்போன கிரிஸ்டலைத் தூக்கிட்டு உள்ள ஒரு எலக்ட்ரெட் கேப்ஸ்யூலை (குட்டி மைக் துண்டு) ஒட்டி வித்திருப்பாங்க. வேலை செய்யும், கேக்கவும் நல்லாவே இருக்கும், ஆனா அதுக்கு பயஸ் வோல்ட்டேஜ் (அது ஓட ஒரு சின்ன டிசி) வேணும், நீங்க பாட்டுக்கு செட்ல சொருகினா ஊமையா இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு போட்டோ கேட்டு வாங்குங்க.

டி-104க்கு அடுத்து அதிகமாப் பாக்குற தப்பு, ஆம்ப்ளிஃபையர் வச்ச மைக். டி-104லயே டியூஜி8 ஸ்டாண்டு, அப்புறம் சிபி ரேடியோ (பொதுமக்கள் பேசுற ரேடியோ) காலத்து டர்னர் பவர் மைக்குங்க எல்லாம். "அவுட்புட் பத்தல, பவர் மைக் போட்டா பஞ்ச்சா இருக்கும்"னு ஒரு நம்பிக்கை. பல வால்வ் செட்ல மைக் கெயின் கன்ட்ரோல் முதல் வால்வ் ஸ்டேஜுக்கு அப்புறம்தான் இருக்கும், டயக்ராம்ல பாருங்க. அந்த முதல் ஸ்டேஜ் எதிர்பாக்குறது சில மில்லிவோல்ட், மிஞ்சிப் போனா சில பத்து மில்லிவோல்ட். பவர் மைக் வோல்ட் கணக்குல தள்ளும். அங்கயே சிக்னல் வெட்டுப்பட்டுச் சிதைஞ்சிடும், நீங்க பேனல்ல மைக் கெயினை எவ்வளவு குறைச்சாலும் குறையறது சிதைஞ்ச ஆடியோவோட அளவு மட்டும்தான். ஏஎல்சியும் (பவர் மிஞ்சாம தானாக் குறைக்குற சர்க்யூட்) காப்பாத்தாது, அது வேலை செய்யறது எங்கயோ பின்னாடி, ஃபைனல் பக்கம். மீட்டர் எல்லாம் ஒழுங்காக் காட்டும், பேண்ட்ல பக்கத்துல இருக்குறவங்க திட்டுவாங்க. பவர் ஸ்டாண்டு ஏற்கனவே கையில இருந்தா தூக்கிப் போட வேணாம், அடியில இருக்குற வால்யூமைக் கீழ வச்சு, மேல சொன்ன 50 கிலோ ஓம் செட்டுங்களுக்கு வெறும் பஃபர் மாதிரி வச்சுக்கலாம். உண்மையான ஹை இம்பீடன்ஸ் கிரிட் இருக்குற செட்டுக்கு அது தேவையே இல்ல, கிரிஸ்டல் டி-104 சும்மாவே நல்ல லவுடு.

மேடை மைக்குங்க பக்கம் வருவோம். ஷ்யூர் எஸ்எம்58 எல்லார் வீட்லயும் இல்லன்னாலும் யாராவது ஒரு நண்பர்கிட்ட இருக்கும். நல்ல டைனமிக் மைக், வால்வ் செட்டுக்கும் அருமையா வேலை செய்யும், ஒரு லோ டு ஹை மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் போட்டா. 150 ஓம்ல இருந்து 50 கிலோ ஓம் போற ட்ரான்ஸ்ஃபார்மர்னா டர்ன்ஸ் ரேஷியோ சுமார் 18, வோல்ட்டேஜ் அவ்வளவு மடங்கு ஏறும், கிட்டத்தட்ட 25 டிபி, அதுவும் பேட்டரி இல்லாம, கூடுதல் இரைச்சல் இல்லாம. இதை எங்க வைக்கணும்ங்கறதுலதான் கோட்டை விடுறாங்க. மைக் பக்கத்துல வச்சு அங்கிருந்து நீளமா ஹை இம்பீடன்ஸ் கேபிள் இழுத்தா ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச பலனே போச்சு. செட் பக்கத்துல வைங்க, ஆனா செட்டோட பவர் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டி வைக்காதீங்க, ஹம் இழுக்கும், கொஞ்சம் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தா எந்தப் பக்கம் அமைதியா இருக்குன்னு தெரியும். பிடிடிக்கு (அழுத்தினா ட்ரான்ஸ்மிட் ஆகுற ஸ்விட்ச்) ஒரு ஃபுட் ஸ்விட்ச் தனியா வேணும், மேடை மைக்ல பிடிடி கிடையாது.

அப்புறம் அழகுக்காக ஷ்யூர் 55 வாங்குறவங்க, அதான் பழைய ஸ்டேஜ் பாடகர் படத்துல எல்லாம் வருமே, விலா எலும்பு மாதிரி கிரில் வச்சது. அதோட அசல் 1939ல வந்தது. இப்போ விக்கிற புது 55எஸ்எச் உள்ளுக்குள்ள லோ இம்பீடன்ஸ் டைனமிக்தான், அதுக்கும் அதே ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். மேஜைக்கு அழகு, அதுல சந்தேகமில்ல. ஆனா என்னைக் கேட்டா, எஸ்எஸ்பி (சிங்கிள் சைடுபேண்ட், ஏஎம்மோட ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புற முறை) செட்டுக்கு அலட்டல் இல்லாத நல்ல மைக் ஷ்யூர் 444 தான். பேச்சுக்குன்னே செஞ்சது, ஹை இம்பீடன்ஸ், கிரிஸ்டல் இல்லாததால வெயிலுக்கும் மழைக்கும் கவலை இல்ல. 444டின்னா ரெண்டு இம்பீடன்ஸும் இருக்கும்.

ஸ்டூடியோ கண்டென்சர் மைக் வேணவே வேணாம். அதுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேணும், அதுக்கு ஒரு மிக்சர் வேணும், அப்புறம் மிக்சர் அவுட்புட்டை அட்டெனுவேட் பண்ணணும்னு நீண்டுக்கிட்டே போகும். இவ்வளவு பண்ணி 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சு என்ன பிரயோஜனம், கொலின்ஸோட மெக்கானிக்கல் ஃபில்டர் 2.1 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் விடும். அதுல வெளிய போகாத பேஸ் எல்லாம் சும்மா இருக்கும்னு நினைக்காதீங்க, ஃபில்டருக்கு முன்னாடி இருக்குற ஆடியோ ஸ்டேஜ்ல வந்து இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். கார்டியாய்டு (முன் பக்கம் அதிகமாக் கேக்குற) மைக்கை உதட்டுக்கு ஒட்டி வச்சுப் பேசினா பேஸ் இன்னும் ஏறும். சிம்பிளான வழி, மைக்குக்கும் கிரிட்டுக்கும் நடுவுல சீரிஸ்ல ஒரு 470 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டர், கிரிட் லீக் (கிரிட்ல இருந்து கிரவுண்டுக்குப் போற அந்த ரெசிஸ்டர்) 1 மெகா ஓம்னா 340 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைய ஆரம்பிச்சிடும். அஞ்சு ரூபா சமாச்சாரம். இது டைனமிக்குக்கு மட்டும், கிரிஸ்டலுக்குப் போட்டா லெவலையும் சேத்துக் கடிக்கும்.

கம்ப்யூட்டர் ஹெட்செட் மைக்கும் எலக்ட்ரெட்தான், அதுக்கும் பயஸ் வேணும். 9 வோல்ட் பேட்டரி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டா வால்வ் செட்ல தாராளமா ஓடும், லெவலும் ஓரளவுக்குச் சரியா இருக்கும். கப்ளிங் கெப்பாசிட்டரை மட்டும் விட்டுடாதீங்க. சில செட்ல முதல் வால்வுக்கு கேத்தோடு ரெசிஸ்டரே இருக்காது, பெரிய கிரிட் லீக் ரெசிஸ்டரை நம்பித்தான் அந்த வால்வோட பயஸ் (சிக்னல் இல்லாதப்போ கிரிட்ல நிக்கிற வோல்ட்டேஜ்) நிக்கும், அங்க டிசி பாதை இருக்குற எதை நேரடியா மாட்டினாலும் பயஸ் கெட்டுடும். சாதாரண டைனமிக் மைக் காயில் கூட இதுல சேத்திதான், ஜாக்குக்கு அப்புறம் கெப்பாசிட்டர் இருக்கான்னு டயக்ராம்ல பாத்துக்கங்க.

கார்பன் மைக் தனி ஜாதி. ரெண்டாம் உலகப் போர் சர்ப்ளஸ் செட், டி-17 ஹேண்ட் மைக், அந்தக் காலத்து டெலிபோன் ரிசீவரோட பேசுற பக்கம், இதெல்லாம் டிசி கரண்ட் ஓடினாத்தான் பேசும். அந்த ஜாக்ல டைனமிக் மைக்கைப் போட்டா டிசி காயில் வழியா ஓடும், டயஃப்ரம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும், மைக் பாழாக வாய்ப்பு இருக்கு. மாறா கார்பனைக் கொண்டுபோய் ஹை இம்பீடன்ஸ் ஜாக்ல போட்டா சத்தமே வராது. போருக்கு அப்புறம் டிஸ்போசல்ல வந்த செட்டை வச்சிருக்குற பழைய ஆளுங்க நம்ம பக்கமும் உண்டு, அவங்ககிட்ட வாங்கினா ஜாக்ல மீட்டர் வச்சு வோல்ட்டேஜ் இருக்கான்னு பாத்துட்டு மைக்கைச் சொருகுங்க.

பிளக். கேட்டா சிரிப்பா இருக்கும், ஆனா இதுலதான் ஞாயித்துக்கிழமை முழுசாப் போகும். கொலின்ஸ், டிரேக் எல்லாம் பிஜே-068 பிளக், பாக்க கால் இஞ்ச் ஸ்டீரியோ பிளக் மாதிரியே இருக்கும், ஆனா குறுக்களவு 0.206 இஞ்ச்தான். கிட்டார் கடை ஸ்டீரியோ பிளக் உள்ள போகாது, போக வைக்கணும்னு அழுத்தினா ஜாக் போயிடும். அதுல முனை பிடிடி, நடு வளையம் ஆடியோ, மாத்திப் போட்டா மைக் லைன் பிடிடியா மாறிடும். யேசு, கென்வுட் ரெண்டும் நாலு பின் உருண்டை கனெக்டர், கையில வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியாது, வயரிங் வேற, ஒண்ணுல முதல் பின் கிரவுண்டு, இன்னொண்ணுல அதே முதல் பின் ஆடியோ. பிடிடி லைன்ல எவ்வளவு வோல்ட்டேஜ் இருக்குன்னும் அளந்து பாருங்க, சில பழைய செட்ல ரிலே காயில் கரண்ட் முழுசும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாத்தான் ஓடும். ட்ரான்சிஸ்டர் வச்ச ஸ்விட்சிங் ஏதாவது மாட்டுறதுன்னா நடுவுல ஒரு சின்ன ரிலே போட்டுக்கறது நல்லது. கேபிள்ல ஆடியோ வயர் மட்டும் ஷீல்டுக்குள்ள, பிடிடி வெளிய, நீளம் ரெண்டு மூணு மீட்டர் போதும்.

வாக்ஸ் (குரல் கேட்டதும் தானா ட்ரான்ஸ்மிட் ஆகுறது) பிரியர்கள் ஒண்ணு கவனிங்க, டி-104 மாதிரி பிடிச்சு அழுத்துற ஸ்டாண்டுல ஸ்விட்ச் அழுத்தாதப்போ ஆடியோவே கட் ஆகிடும், அதனால வாக்ஸ் என்னதான் திருப்பினாலும் எழுந்திருக்காது. உள்ள வயரை மாத்தினா சரியாகிடும். அப்புறம் தலைக்கு மேல ஃபேன் ஓடுற ரூம்ல வாக்ஸ் கொஞ்சம் கஷ்டம்தான், டி-104 எல்லாப் பக்கமும் கேக்குற மைக், ஃபேன் காத்து, செட் புளோயர், தெருவுல போற தண்ணி லாரி எல்லாத்துக்கும் ரிலே டக் டக்னு அடிக்கும்.

குரல் சரியில்லன்னா உடனே மைக்கை மாத்துறதும் ஒரு வியாதி. அறுபது வருஷ செட்ல மைக் ஆம்ப் வால்வோட கேத்தோடு பைபாஸ் எலக்ட்ரோலைட்டிக் காஞ்சு போயிருந்தா கெயின் விழும், ஸ்டேஜுக்கு நடுவுல இருக்குற பேப்பர் கெப்பாசிட்டர் லீக் ஆனா அடுத்த வால்வோட பயஸ் போய் ஆடியோ கரகரக்கும், ரெசிஸ்டருங்க வேல்யூ ஏறியிருக்கும். முதல் வால்வை விரலால லேசாத் தட்டிப் பாருங்க, டங்குனு மணி மாதிரி ஆடியோல கேட்டா வால்வ் மைக்ரோஃபோனிக், அதை மாத்தணும். இதெல்லாம் பாக்காம மூணு மைக் வாங்கினாலும் மூணும் ஒரே மாதிரிதான் கேக்கும். பவர் ஏத்தினா மட்டும் ஆடியோ ஊளையிடுதுன்னா அது ஆர்எஃப் (செட் அனுப்புற ரேடியோ சிக்னல்) ஆடியோக்குள்ள வர்றது, ஜாக் பக்கத்துலயே 100 பிக்கோஃபேரட், கிரிட்டுக்கு சீரிஸ்ல 47 கிலோ ஓம், கேபிள்ல ஒரு ஃபெரைட், பெரும்பாலும் அடங்கிடும்.

ஏஎம்ல ஒரு வேடிக்கை இருக்கு. ஆம்பளைக் குரலோட அலை பல பேருக்கு மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவுன்னு சமமில்லாம இருக்கும். பெரிய பக்கம் கீழ் நோக்கி வந்தா கேரியர் சீக்கிரமே பூஜ்யத்தைத் தொட்டு ஸ்ப்ளாட்டர் (பக்கத்து அலைவரிசையில சிதறுறது) அடிக்கும், மைக் எலிமென்ட்டோட ரெண்டு வயரை மாத்திப் போட்டா பெரிய பக்கம் மேல போயிடும், அதே மைக்ல சத்தம் கூடின மாதிரி இருக்கும். ஸ்கோப்ல பாத்தா தெளிவாத் தெரியும். "ஆடியோ சூப்பர், 59"னு (தெளிவுக்கும் பலத்துக்கும் முழு மார்க்) நண்பர் கொடுக்குற ரிப்போர்ட்டை வச்சு மட்டும் மைக்கை முடிவு பண்ணாதீங்க, பாவம் அவர் மரியாதைக்குச் சொல்லியிருப்பார். செட்டை டம்மி லோட்ல விட்டு, பக்கத்து ரூம்ல ஒரு எஸ்டிஆர் (கம்ப்யூட்டர் வச்சு ஓடுற) ரிசீவர்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க.

கடைசியா, மைக் தேர்வுல யாரும் கணக்குல எடுத்துக்காத ஒண்ணு, ஷாக். அமெரிக்க செட் 117 வோல்ட், இங்க நம்ம 230ல ஓட்ட ஸ்டெப்-டவுன் வாங்குறோம், விலை குறைஞ்சது எல்லாம் பெரும்பாலும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர், அது மெயின்ஸை ஐசொலேட் பண்ணாது. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினா ஒரு வயர் 230லயும் இன்னொண்ணு 115லயும் எர்த்துக்கு மேல நிக்கும். பழைய செட்ல லைன்ல இருந்து சேசிஸுக்கு 0.01 மைக்ரோஃபேரட் பைபாஸ் கெப்பாசிட்டர் ரெண்டு இருக்கும், அது வழியா சுமார் ஒரு மில்லி ஆம்பியர் சேசிஸுக்கு வரும், சேசிஸ்ல இருந்து ஷீல்டு, ஷீல்டுல இருந்து குரோம் மைக், மைக்ல இருந்து உங்க உதடு. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனா ஒரு மில்லி ஆம்பியரோட நிக்காது. அதனால மெட்டல் பாடி மைக் மாட்டறதுக்கு முன்னாடி மூணு பின் கார்டு, சேசிஸுக்கு எர்த், அந்த ரெண்டு கெப்பாசிட்டருக்குப் பதிலா ஒய் டைப் சேஃப்டி கெப்பாசிட்டர், முடிஞ்சா ரெண்டு வைண்டிங் தனித்தனியா இருக்குற ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். இதைப் பண்ணிட்டு மீட்டரை ஏசில வச்சு மைக் பாடிக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்து பாருங்க, பூஜ்யம் காட்டினா மைக்கை வாய்கிட்ட கொண்டு போகலாம்.